இது எந்தக் காசு?

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி நாலு கொடை முடிந்துவிட்டது. எங்கள் தெரு முப்பிடாதி அம்மனுக்குக் கொடைத் திருவிழா கழிந்து பந்தலைப் பிரிக்கிற அன்று, இந்த வருடமாவது எழுதிவிடு என்று மனசு சொல்லும். நோட்டை எடுப்பேன். முதல் வரியிலேயே நின்றுவிடுவேன். அந்த மனிதரைப் பற்றி எழுத வேண்டுமானால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதியாக வேண்டும். அதை இந்த வருடம் வரை என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எழுத்து வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். எழுத்து வராமல் இல்லை. துணிச்சல்தான் வரவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. இன்னும் அதே வேலையில் இருந்தால் இதனால் அவருக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாது. கடன் வசூலிக்க என் வீட்டுக்கு வந்தவர் அவர்.

ஒல்லியான ஆள். கழுத்தும் முழங்கைக்குக் கீழேயும் வெயிலில் கறுத்து, சட்டைக்கு உள்ளே வேறு நிறமாக இருக்கும். கழுத்தில் கயிற்றில் கோத்த, மாதா படம் தைத்த சின்னப் பழுப்புத் துணி போட்டிருப்பார்; உத்தரியம் என்பார்கள். கடற்கரை ஊர்க்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அப்பா, சித்தப்பா எல்லாம் படகில் போனவர்கள். "நீங்க ஏன் போகல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"படகுல ஏறினா எனக்கு வாந்தி, அண்ணாச்சி. மூணு தடவ பாத்துட்டு எங்கப்பா, நீ கரையிலயே கெடலேன்னுட்டாரு. அதான் கரையில அலையுதேன்."

சிரிக்காமல்தான் சொன்னார். எதையும் சிரிக்காமல்தான் சொல்வார்.

கடன் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு அரிசி மண்டியில் மூட்டை எடை போடுவது என் வேலை. வீட்டுக்காரிக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை செய்தோம். அறுவைச் செலவு காப்பீட்டில் போனது. ஸ்கேனும் மருந்தும் கையில் இருந்து போனது. போனிலேயே சம்பளக் கடன் கிடைக்கும் என்றார்கள். பதினைந்தாயிரம் வாங்கினேன். அடுத்த சம்பளத்தில் வட்டியோடு பதினாறாயிரத்து எண்ணூறு அவர்களே வங்கியில் இருந்து எடுத்துக்கொள்வார்கள்.

எடுக்கிற நாள் வெள்ளிக்கிழமை. அங்கேதான் நான் தப்புச் செய்தேன். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி காசு வெளியே போகாது. கைமாத்துக் கேட்டு யார் வந்தாலும் மறுநாள் வரச் சொல்வோம். அம்மா காலத்தில் இருந்து அப்படி. வெள்ளிக்கிழமை அன்று மிஷின் தானாக எடுத்துக்கொண்டால் அதுவும் போனதுதானே? அதனால் வியாழக்கிழமை சம்பளம் விழுந்ததுமே மொத்தத்தையும் நானே எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் போய்க் கட்டிவிடலாம் என்று எண்ணம். பெரிய புத்திசாலித்தனம் செய்தது போல அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் எடுக்க வந்தபோது கணக்கு காலி. அதற்கு வங்கி ஒரு அபராதம், கம்பெனி ஒரு அபராதம். அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல். கையில் இருந்த சம்பளத்தில் பாதி திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனது. சனிக்கிழமை கட்டவில்லை. அடுத்த மாதமும் முடியவில்லை. அபராதம் நாள் கணக்கில் ஏறியது.

முதலில் போனில்தான் கேட்டார்கள். பிறகு என் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை வைத்திருக்கிற மச்சினனுக்குப் போனது. மண்டியில் முதலாளிக்கும் போனது. நான் தராசுப் பக்கத்தில் நிற்கும்போதே அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "என்னவே, சம்பளம் நான் குடுக்கலையாவே?" என்றார். லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் மாதம்தான் அந்த மனிதர் வந்தார். ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பிறகு ஒரு முறை அதைக் கேட்டபோது, "வாசல்ல வண்டி நின்னா தெரு பாக்கும், அண்ணாச்சி" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னார். வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். தன் பாட்டிலைக் காட்டினார்.

"இருக்கு மதினி. கணக்கு முடியட்டும், காப்பியே குடிக்கேன்."

அவர் போன பிறகு வீட்டுக்காரி சொன்னாள்: "போன்ல கத்துனவன்கூடப் பரவால்ல. இந்தா பைய பேசுதான் பாருங்க, இவனத்தான் பயப்படணும்."

அன்று அவர் காசு கேட்கவே இல்லை. ஒரு சின்ன நோட்டை எடுத்து, "அரிசிக்கு என்ன ஆகும்? மருந்துக்கு? வாடகைக்கு? புள்ள பஸ்ஸுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கூட்டிக் கழித்து, "மாசம் அஞ்சாயிரம் தாண்டி உங்களால முடியாது" என்றார். என் வீட்டுக் கணக்கை எனக்கே ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அவரிடம் ஒரு பழக்கம். யார் காசு கொடுத்தாலும் உடனே வாங்க மாட்டார். கையை நீட்டாமல் கேட்பார்: "இது எந்தக் காசு?"

எங்கள் மண்டியில் லோடு ஏற்றுகிற ஒருவனும் அதே கம்பெனியில் கடன் வாங்கியிருந்தான். ஒரு நாள் அவனைத் தேடி மண்டிக்கே வந்தார். அவன் ரெண்டாயிரத்தை எடுத்து நீட்டினான்.

"இது எந்தக் காசுவே?"

"அண்ணாச்சி, காசு குடுத்தா வாங்கிட்டுப் போவீயளா, சாதகம் பாப்பீயளா?"

"சாதகம்தான் பாக்குதேன். சொல்லு."

"சீட்டுல ஜெயிச்சது. போதுமா?"

"அப்ப தாராளமாக் குடு. இன்னும் இருந்தா அதையும் குடு" என்று வாங்கி எண்ணினார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் மட்டும் எச்சிலைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே ஆள் வேறொரு நாள் ஐந்நூறு கொடுத்தான். கேட்டதில், பொண்டாட்டிக்கு மாத்திரை வாங்க வைத்திருந்தது என்று வந்தது. "போய் மாத்திரைய வாங்கிட்டு மிச்சத்தக் கொண்டா" என்று நின்றார். அவன் வாங்கிவிட்டு வந்து நூற்றிருபது ரூபாயை நீட்டினான். அதை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்கு ஆறவில்லை. மண்டி வாசலில் வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"களக்காட்டுல ஒரு வீடு. மூவாயிரம் குடுத்தாங்க, வாங்கிட்டு வந்துட்டேன். கம்பெனியில அன்னைக்கு என்னப் பாராட்டினாங்க. அது அந்த வீட்டுப் புள்ள நர்சிங் பரிச்சைக்குக் கட்ட வச்சிருந்த காசு. அடுத்த தவணைக்குப் போறேன், அந்தப் புள்ள வாழத் தோட்டத்துல இலை அறுத்துக்கிட்டு நிக்குது. என்னப் பாத்து, வாங்கண்ணேன்னு வேற சொல்லுச்சு." பிறகு வண்டியை உதைத்தார். "அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

என் கடனுக்கு வருகிறேன். அவர் கணக்குப் போட்ட மாதத் தவணைக்குக் கம்பெனி அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. நான்காம் மாதத்தில் மொத்தம் இருபத்துமூவாயிரத்து நானூறு ஆகிவிட்டது. கம்பெனி ஒரு சலுகை சொன்னது. வருகிற புதன்கிழமை ஒரே தடவையில் பதினெட்டாயிரம் கட்டினால் கணக்கை முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் வசூலை வேறு ஆட்களிடம் விட்டுவிடுவார்கள். அந்த ஆட்கள் எப்படி வருவார்கள் என்று அவரே சொன்னார். "தெருமுனையில வண்டிய நிப்பாட்ட மாட்டாங்க, அண்ணாச்சி."

அந்த வருடக் கொடைக்கு வரி பிரிக்கிற பொறுப்பு என்னுடையது. வீட்டுக்கு ஐந்நூறு. எங்கள் தெருப் பெண்கள் வரி கொடுக்கும்போது நோட்டின் ஓரத்தில் மஞ்சள் தொட்டுக் கொடுப்பார்கள். பிரித்த காசு மஞ்சள் பையில், எங்கள் சாமி அறையில், அம்மன் படத்துக்குக் கீழே இருந்தது. இருபத்திரண்டாயிரம். மேளக்காரருக்கு முன்பணம் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் சம்பளம் வந்துவிடும், மச்சினனிடம் கொஞ்சம் கேட்கலாம், வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பதினோரு வயதில் இருந்து அந்தக் கோவில் வாசலைக் கூட்டுகிறவன் நான். என்னை நம்பித்தான் ஊர் அந்தப் பையைத் தந்தது.

புதன்கிழமை காலை வீட்டுக்காரி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் குளிக்கவில்லை. விளக்கும் ஏற்றவில்லை. குளித்துவிட்டு அந்தக் காரியத்தைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பையில் இருந்து பதினெட்டாயிரம் எடுத்தேன். ஓரத்து மஞ்சள் தெரிந்தது. ஈரத் துணியை எடுத்து ஒவ்வொரு நோட்டாகத் துடைத்தேன். முப்பத்தாறு நோட்டு. அம்மன் படத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்து துடைத்தேன்.

பத்து மணிக்கு அவர் வந்தார். பணத்தை நீட்டினேன்.

"இது எந்தக் காசு?"

"சம்பளம். மொதலாளி முன்கூட்டியே குடுத்தாரு."

வாங்கினார். எண்ணவில்லை. கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார்.

"நோட்டு ஏன் நனைஞ்சிருக்கு?"

நான் சுவரைப் பார்த்தேன்.

நடுவில் இருந்து ஒரு நோட்டை உருவி வெளிச்சத்தில் காட்டினார். அதில் மஞ்சள் போகவில்லை. பிறகு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கற்பூர வாசம் எனக்கே வந்தது.

"அண்ணாச்சி, அரிசி மண்டிச் சம்பளத்துல மஞ்ச ஒட்டுமா?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. பணத்தை என் கையில் திரும்ப வைத்தார்.

"எங்கன எடுத்தியளோ அங்கன கொண்டு போய் வைங்க. நான் வெளிய நிக்கேன்."

வைத்துவிட்டு வந்தேன். அவர் வாசலில் தெருவைப் பார்த்தபடி நின்றார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"எனக்கு வேற சாமிதான். எங்க ஊரு மாதா கோவில் திருவிழாவுக்கும் வரி உண்டு. அந்தப் பெட்டி ஒரு வருசம் எங்கப்பா கையில இருந்துச்சு. வலைக்குன்னு அதுல இருந்து எடுத்தாரு. பத்து நாள்ல திருப்பியும் வச்சுட்டாரு. ஆனா எடுத்தத ஊரு மறக்கல. அவரும் மறக்கல. சாவுற வரைக்கும் கோவில்ல பின்னால தூணுகிட்டதான் நிப்பாரு."

பிறகு உள்ளே வந்து, ஒரு தாளை என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க. ஏன் கட்டலன்னு எழுதுங்க."

வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று தொடங்கினேன்.

"அது ரெண்டாவது. மொத நாளு ஏன் கட்டல? காசு இருந்துச்சுல்லா?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை கதையை அன்றுதான் அவரிடம் சொன்னேன். அப்போதும் சிரிக்கவில்லை. "அப்படியே எழுதுங்க" என்றார். "வெள்ளிக்கெழம காசு வெளிய போகக் கூடாதுன்னு வியாழக்கெழமையே எடுத்துட்டேன். அப்படியே."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பொய் எழுதினா நாளைக்கு அதுக்கு ஒரு பொய் எழுதணும். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல."

எழுதினேன். படம் பிடித்து அனுப்பிவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அந்தப் பக்கம் மேனேஜர் சென்னைக்காரர் போல.

"என்னங்க இது, ஃபிரைடே பணம் தர மாட்டேன்னு லெட்டர் குடுக்குறாரு? இதெல்லாம் ஒரு ரீசனா?"

"உண்மையான காரணம் சார். மாசம் அஞ்சாயிரம் முடியும். நாலு தவணை. மாசம் ஒரு புதன்கெழம நானே வந்து வாங்குதேன். அபராதத்தக் கொஞ்சம் பாருங்க."

"மொத்தமா இன்னைக்கு வாங்கிட்டு வர்றேன்னு சொன்னீங்க?"

"இன்னைக்கு இந்த வீட்டுல காசு இல்ல சார்."

மேனேஜர் ஏதோ கத்தினார். அவர் போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முடிகிற வரை காத்திருந்துவிட்டு, அதே குரலில் அதையே திரும்பச் சொன்னார். மூன்று தடவை சொன்னார். பின்னால் யாரோ ஒரு பெண் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. "சார், எங்க அம்மாவும் வெள்ளிக்கிழமை பத்து ரூபா கேட்டாக்கூடத் தர மாட்டாங்க சார்" என்றது அந்தக் குரல். அதன் பிறகு மேனேஜர் கத்தவில்லை.

கடைசியில் இப்படி முடிந்தது. மேற்கொண்டு அபராதம் ஏறாது. அதுவரை ஏறின ஆறாயிரத்து அறுநூறில் பாதியை விட்டார்கள். மொத்தம் இருபதாயிரத்து நூறு, நாலு தவணை, தவணைக்கு ஐயாயிரத்து இருபத்தைந்து.

"அந்த இருவத்தஞ்ச விட்டுறலாம்லா?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"எழுதியாச்சு அண்ணாச்சி" என்றார்.

அவரைத் தங்கமான மனுசன் என்று மட்டும் எழுதினால் அதுவும் பொய். முதல் இரண்டு தவணையும் அவர் கேள்வி கேட்க, சம்பளம் என்று நான் சொல்ல, ஒழுங்காகப் போனது. மூன்றாம் தவணைக்கு எண்ணூறு ரூபாய் குறைந்தது. ஒரு வாரம் கூடக் கேட்டேன். மாட்டேன் என்றார். "உங்க கையில இருந்து போடுங்க, பொறவு தாரேன்" என்று கெஞ்சினேன்.

"நான் போட்டா நாளைக்கு நீங்க என்னக் கண்டு ஒளிவீய. அது வேண்டாம். ஞாயித்துக்கெழம மண்டியில லோடு உண்டா?"

இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூட்டை சுமந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலையிலேயே வந்து நின்றார். அன்று அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை அம்மன் அறிவாள். அவரோ, "இது எந்தக் காசு?" என்று அன்றும் கேட்டார். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி" என்று வாங்கிக்கொண்டார்.

நாலாம் தவணை கட்டின அன்று, கணக்கு முடிந்தது என்ற தாளைக் கொடுத்தார். ஐயாயிரத்தோடு ஒரு இருபது ரூபாய் நோட்டும் ஒரு ஐந்து ரூபாய்க் காசும் வைத்திருந்தேன். அந்த ஐந்து ரூபாய்க் காசையும் எடுத்துப் பையில் போட்டார். பிறகுதான் தரையில் உட்கார்ந்து, "மதினி, காப்பி" என்றார். வீட்டுக்காரி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் தூக்கல்" என்றார். முழுதும் குடித்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது. பாதி அபராதத்தை விட்டார்கள் என்று வீட்டுக்காரி பக்கத்து வீட்டில் சொன்னாள். அது நாலு வீடு தாண்டும்போது முழுக் கடனும் தள்ளுபடி என்று ஆகிவிட்டது. போன கொடையில் ஒருவர் மைக்கிலேயே சொன்னார்: வரி பிரிக்கிறவன் வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்து முப்பிடாதியே வசூல்காரன் உருவத்தில் வந்து கடனைக் கிழித்துப் போட்டாளாம். கூட்டம் குலவை போட்டது. நான் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த வருடம், வரி பிரிக்கத் தொடங்கும் முன்னால், கோவில் கமிட்டியில் எல்லாரையும் வைத்துச் சொல்லிவிட்டேன். துடைத்ததையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. பிறகு தலைவர், "சரிவே. பை இந்த வருசம் வேற வீட்டுல இருக்கட்டும்" என்றார். அது நியாயம்தான். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடமும் சொன்னேன். அவள் எழுந்து போய் விளக்கை ஏற்றினாள். கோவில் வாசலை இப்போதும் நான்தான் கூட்டுகிறேன். அதை யாரும் எடுக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொன்னால் நான் எழுதின மாதிரியே சொல்லுங்கள். அம்மன் எங்கும் இருக்கிறாள், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று என் வாசலில் நின்றது கழுத்தில் உத்தரியம் போட்ட, வேர்த்து ஒழுகின ஒரு மனிதர். பையில் கை வைத்தது நான், திரும்ப வைக்கச் சொன்னது அவர். கடன் தள்ளுபடி ஆகவில்லை. இருபதாயிரத்து நூறையும் வாங்கினார். வழியில் எதைத் தவறவிட்டாலும், அந்தக் கடைசி இருபத்தைந்து ரூபாயைத் தவறவிடாதீர்கள்.